பிள்ளையின் முகப்பருவும் பெரியோரின் நாவும்



ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறதென்று சற்றே எண்ணிப் பாருங்கள். வீட்டில் சத்தம் அடங்குகிறது. தாய் கஞ்சி வைக்கிறாள். பாட்டி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். அக்கம்பக்கத்தார் வந்து, "பாவம், பிள்ளை வாடிப் போயிற்றே" என்று இரங்குகிறார்கள். அதே பிள்ளைக்கு 14, 15 வயதில் முகம் நிறையப் பரு கிளம்பினாலோ நடப்பது வேறு. "ஏனடி முகம் இப்படி ஆயிற்று?" என்று தாய் கேட்கிறாள். "எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே என்றால் கேட்டால்தானே!" என்கிறார் தந்தை. வந்த விருந்தாளியும் தம் பங்குக்கு ஒரு வைத்தியம் சொல்லிப் போகிறார். இரங்குவார் இல்லை, விசாரணை செய்வாரே மிகுதி. காய்ச்சலுக்கு ஒரு நீதி, பருவுக்கு வேறொரு நீதி.

"இது அற்ப விஷயமன்றோ? வயது வந்தால் வரும், வயது போனால் போகும். இதற்கு ஒரு பாடமும் வேண்டுமோ?" என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதே நம் பதில். 1948-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்களான மேரியன் சுல்ஸ்பெர்கர், சேடி ஸெய்டன்ஸ் ஆகிய இருவரும் இதைப் பற்றி எழுதினார்கள். உள்ளத்தைக் காயப்படுத்துவதிலும், தாழ்வு எண்ணத்தை வளர்ப்பதிலும், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே மனக்கசப்பை உண்டாக்குவதிலும் முகப்பருவுக்கு நிகரான நோய் வேறொன்று இராது என்பது அவர்கள் கருத்து. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே என்று அவர்கள் சொன்னதைக் கவனியுங்கள். நோய் முகத்தில் இருந்தாலும் அதனால் வரும் பிளவு வீட்டில் உண்டாகிறது. ஆகையால் இப்பாடம் பிள்ளைகளைவிடப் பெரியோருக்கே அதிகம் உரியது.

1. பரு என்பது என்ன?

நம் தோலில் மயிர்க்கால்கள் உண்டு. ஒவ்வொரு மயிர்க்காலையும் அடுத்து நெய்போன்ற பசையைச் சுரக்கும் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. தோல் வறண்டு போகாமல் காப்பது இப்பசையே. முகம், மார்பு, முதுகு, தோள் ஆகிய இடங்களில் இச்சுரப்பிகள் பெரியவையாயும் நெருக்கமாயும் அமைந்துள்ளன. பருவ வயது தொடங்கியதும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் பெருகுகின்றன. ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெண் பிள்ளைகளுக்கும் இவை உண்டு. இவற்றின் தூண்டுதலால் சுரப்பிகள் பருத்து, முன்னிலும் அதிகமாகப் பசையைச் சுரக்கின்றன. அதே காலத்தில் மயிர்க்காலின் உட்புறத்துத் தோலணுக்கள் ஒழுங்காக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைத்துவிடுகின்றன. வெளியேற வழியின்றிப் பசை உள்ளே தேங்குகிறது. தோலில் இயல்பாகவே வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னேஸ் என்னும் நுண்ணுயிர் அங்கே பெருகுகிறது. உடல் அதனை எதிர்க்கும்போது அவ்விடம் சிவந்து, வீங்கி, சில வேளைகளில் சீழ் கட்டுகிறது. பரு என்பது இவ்வளவே.

12 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஓர் அளவில் பரு வருகிறது என்று தோல் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அப்படியானால், பரு வராத பிள்ளைதான் அபூர்வம். பெண் பிள்ளைகள் முன்னதாகவே பருவமடைவதால் அவர்களுக்குச் சற்று முந்தி வருகிறது. ஆண் பிள்ளைகளுக்குப் பிந்தி வந்தாலும் கடுமையாக வருவது அதிகம். தாய்க்கோ தந்தைக்கோ இளமையில் கடும் பரு இருந்திருந்தால் பிள்ளைக்கும் அப்படி வர வாய்ப்பு மிகுதி. ஆகவே பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "யாரைப் போலப் பிறந்தாயோ" என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர், தங்கள் கலியாணத்துக்கு முந்திய பழைய படங்களை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

2. பரு எதனால் வருவதில்லை?

பரு எதனால் வருகிறதென்று அறிந்தோம். எதனால் வருவதில்லை என்று அறிவதும் அவசியம். ஏனெனில் பிள்ளைகளை வருத்தும் பேச்சுகள் யாவும் இங்கிருந்தே பிறக்கின்றன.

முதலாவது, பரு அழுக்கினால் வருவதன்று. மூக்கின்மேல் காணும் கரும்புள்ளி மண்ணோ தூசியோ அல்ல. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் பொருள் காற்றுப்பட்டுக் கருத்ததே அது. ஆதலால், "முகத்தைக் கழுவினால்தானே!" என்ற அதட்டலில் நியாயமில்லை. இந்தச் சொல்லுக்கு அஞ்சி, நாளுக்கு எட்டு முறை சோப்பும் நாரும் போட்டுத் தேய்க்கும் பிள்ளைகள் உண்டு. அப்படித் தேய்ப்பதால் தோல் புண்பட்டுப் பரு மேலும் சிவக்குமே அன்றி நீங்காது.

இரண்டாவது, பரு பாவத்தின் அடையாளமன்று. தீய நினைவுகளும் மறைவான பழக்கங்களுமே முகத்தில் பருவாகக் கிளம்புகின்றன என்ற பேச்சு நெடுங்காலமாக ஊரில் உலவுகிறது. இதை நேரே சொல்லாவிட்டாலும் குறிப்பாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. இது முழுப் பொய். ஒழுக்கம் நிறைந்த பிள்ளைக்கும் பரு வரும். ஒழுக்கம் தவறியவனுக்கு வராமலும் இருக்கும். இப்பொய்யை நம்பிய ஒரு பிள்ளை, கோவிலில் முன் வரிசையில் நிற்கவும் கூசும். செய்யாத குற்றத்துக்கு முகத்தில் முத்திரை குத்தப்பட்டதாக எண்ணி உள்ளுக்குள் நடுங்கும். அறியாப் பிள்ளையின் மனச்சாட்சியின்மேல் இப்படியொரு பாரத்தை ஏற்றி வைப்பது சிறிய தவறன்று. "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்ற பழமொழியையும் சிலர் இதற்குத் துணையாக இழுப்பார்கள். மனத்திலுள்ள மகிழ்ச்சியும் துக்கமும் முகக்குறியில் தெரியும் என்பதே அதன் கருத்து. தோலிலுள்ள பருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது, உணவைப் பற்றி. 1969-இல் அமெரிக்காவில் 65 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. சாக்லேட் தின்றவர்களுக்கும், அதே உருவில் சாக்லேட் இல்லாத இனிப்பைத் தின்றவர்களுக்கும் பருவில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அந்த மற்ற இனிப்பிலும் சர்க்கரையும் கொழுப்பும் நிறைய இருந்தனவே என்று பின்னால் வந்தவர்கள் குறை கூறினார்கள். இன்று மருத்துவர்கள் கருதுவது இது: சர்க்கரையும் மாவும் மிகுந்த உணவுகள் சிலருக்குப் பருவை அதிகப்படுத்தலாம், பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதிருக்கலாம், எனினும் உணவு மாத்திரமே பருவுக்குக் காரணமன்று. ஆகையால் ஒரு வடையை எடுத்த கையைத் தட்டிவிட்டு, "இதனால்தான் உனக்கு வருகிறது" என்று பலர் முன்னிலையில் சொல்வது வைத்தியமாகாது. இனிப்பைக் குறைப்பதானால் வீடு முழுவதும் குறைக்கட்டும். ஒரு பிள்ளையின் தட்டை மட்டும் காவல் காப்பது தண்டனையே ஆகும்.

3. முகத்திலிருந்து உள்ளத்துக்கு

வாலிப வயது என்பது ஒருவன் தன்னைத் தானே முதன்முதலாகக் கண்ணாடியில் பார்க்கும் வயது. அதுவரை அவனுக்கு முகம் இருந்தது. ஆனால் அதைப் பற்றிய நினைவு இருந்ததில்லை. பிறர் தன்னை எப்படிக் காண்கிறார்கள் என்ற கவலை பிறக்கும் அதே ஆண்டில், முகத்தில் பருவும் பிறக்கிறது. கை புண்ணானால் மறைத்துக்கொள்ளலாம். முகத்தை எங்கே மறைப்பது?

1999-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, பருவினால் சிகிச்சைக்கு வந்தவர்களின் மனத் துயரத்தையும் சமூக வாழ்வில் அவர்களுக்குள்ள இடர்ப்பாட்டையும் அளந்து பார்த்தது. நாட்பட்ட ஆஸ்துமா, காக்கை வலிப்பு, நீரிழிவு முதலிய நோயுள்ளவர்கள் சொன்ன துயரத்துக்கு அது சற்றும் குறைந்ததாக இல்லை. 2011-இல் நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில் 18, 19 வயதுள்ள சில ஆயிரம் பேரைக் கேட்டு எழுதப்பட்ட ஆய்வு இன்னும் கடுமையான செய்தியைத் தந்தது. பரு இல்லாதவர்கள் அல்லது சிறிதளவே உள்ளவர்களைவிட, கடும் பரு உள்ள பெண்களிடையே உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் 2 மடங்கும், ஆண்களிடையே 3 மடங்கும் காணப்பட்டது. ஆண் பிள்ளைக்கு அழகைப் பற்றி என்ன கவலை என்று நினைக்கும் தந்தையர் இதைக் கவனிக்க வேண்டும். பெண் பிள்ளை அழுகிறாள். ஆண் பிள்ளை அழுவதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

2018-இல் இங்கிலாந்திலிருந்து வெளியான மற்றோர் ஆய்வு, பருவென்று மருத்துவர் கண்டறிந்த முதல் ஆண்டில் கடும் மனச்சோர்வு வரும் ஆபத்து, பரு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம் என்று காட்டியது. பின்வரும் ஆண்டுகளில் அது குறைந்துவிடுகிறது. இதனால் நாம் அறிவது யாதெனில், தொடக்கக் காலத்திலேயே துணை நிற்க வேண்டும் என்பதாம். பரு உள்ள பிள்ளைகள் எல்லாரும் மனமுடைந்து போவார்கள் என்று இதற்குப் பொருளல்ல. பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் யார் தாங்குவார், யார் தாங்கமாட்டார் என்பது பருவின் அளவைக் கொண்டு தெரிவதில்லை. நாலே பரு உள்ள பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வராதிருப்பதும், முகமெல்லாம் பரு உள்ளவன் பந்து விளையாடித் திரிவதும் உண்டு. "இத்தனைக்கா இவ்வளவு அழுகை?" என்று அளந்து பேசாதீர்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது இங்கேயும் பொருந்தும்.

4. நாவு செய்யும் காரியம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நாம் கூடி நிற்கும்போது நடப்பதைப் பாருங்கள். நெடுநாள் காணாத அத்தை ஒருத்தி பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்த முகம்!" என்கிறாள். மாமா ஒருவர், "என்னப்பா, முகத்தில் சோளமா விதைத்திருக்கிறாய்?" என்று கேட்டுத் தாமே சிரிக்கிறார். இன்னொருவர், "கலியாணம் ஆனால் எல்லாம் போய்விடும்" என்று கண்ணைச் சிமிட்டுகிறார். இவர்கள் எவரும் தீயவர்கள் அல்லர். பிள்ளைமேல் பாசம் உள்ளவர்களே. ஆயினும் அந்தப் பிள்ளை அடுத்த ஞாயிறு தலைவலி என்று சொல்லி வீட்டில் தங்கிவிடும். அதற்கடுத்த வாரம் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கு வர மறுக்கும். "பரீட்சைக்குப் படிக்க வேண்டும்" என்று சொல்லும். பெற்றோரும் "பிள்ளைக்குப் படிப்பில் எவ்வளவு அக்கறை" என்று மகிழ்ந்திருப்பார்கள்!

வீட்டுக்குள் பேசுவதோ இதைவிட ஆழமாகப் பாயும். வெளியார் சொல்வதைப் பிள்ளை ஒருவாறு தள்ளிவிடும். தாய் சொல்வதை நம்பும். "இந்த முகத்தோடு உன்னை யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்று தாய் கோபத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை, அவள் மறந்த பின்னும் மகள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பாள். உடன்பிறந்தோர் வைக்கும் பட்டப்பெயர்களும் அப்படியே. விளையாட்டென்று விட்டுவிடாமல் பெற்றோர் அன்றே தடுத்து நிறுத்த வேண்டும்.

ஆறுதல் சொல்லுவதாக நினைத்துச் சொல்லும் சில சொற்களும் பயன் தருவதில்லை. "அதெல்லாம் ஒன்றுமில்லை, யாரும் உன்னைப் பார்க்கவில்லை" என்று சொன்னால் பிள்ளைக்குத் தெரியும், எல்லாரும் பார்த்தார்களென்று. இப்படிச் சொல்வதால் அதன் துக்கம் குறைவதில்லை. நம்மிடம் சொல்லிப் பயனில்லை என்ற எண்ணமே அதற்கு உண்டாகிறது.

5. வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். தனியாக இருக்கும் வேளை பார்த்து, "இது உனக்கு மிகவும் வருத்தமாயிருக்கிறதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். கேட்டுவிட்டீர்கள் என்பதே அதற்குப் போதும். வேண்டும்போது தானே வரும். வந்து சொல்லும்போது இடைமறித்து அறிவுரை கூறாமல், "ஆம், இது கஷ்டந்தான். இதற்குச் சிகிச்சை உண்டு. நாம் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, பிள்ளையோடு பேசும்போது அதன் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். கன்னத்தைப் பார்த்துப் பேசாதீர்கள். பள்ளியிலிருந்து வந்ததும் பருவை எண்ணுவதை நிறுத்தி, அன்று நடந்ததைக் கேளுங்கள். தன் முகத்தைத் தவிர வேறொன்றும் தன்னிடத்தில் இல்லை என்று நினைக்கத் தொடங்கிய பிள்ளைக்கு, அதன் கையெழுத்தையும், பாட்டையும், தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தரும் பொறுமையையும் நாம் கண்டிருக்கிறோம் என்பதைக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, படம் எடுக்கும் விஷயம். இந்நாளில் கைபேசி இல்லாத வீடில்லை. பிள்ளையின் படத்தை அதன் அனுமதியின்றி உறவினர் குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். படத்தில் தோலை வழவழப்பாக்கிக் காட்டும் வசதிகள் கைபேசிகளில் வந்துவிட்டன. பிள்ளை தன் முகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகத்தோடு அன்று. எங்குமே இல்லாத ஒரு முகத்தோடு. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

நான்காவது, சமையலறை வைத்தியங்களில் நிதானம் தேவை. எலுமிச்சம்பழச் சாறும் பற்பசையும் தோலை எரித்துப் புண்ணாக்கும். தலையில் வழிய வழிய எண்ணெய் தேய்த்தால் நெற்றியோரத்தில் பரு அதிகமாகலாம். எண்ணெய் நெற்றியில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மென்மையான சோப்பினால் நாளுக்கு இருமுறை முகம் கழுவினால் போதும். பருவைக் கிள்ளவோ பிதுக்கவோ கூடாது. அப்படிச் செய்வதால் சீழ் உட்புறமாகப் பரவித் தழும்பாகும். நம்மவரின் மாநிறத் தோலில் பரு ஆறிய இடம் கருத்துப் போவது இயல்பு. அக்கரும்படை தழும்பன்று, பல மாதங்களில் மெல்ல மங்கிவிடும். இதை அறியாமல் எத்தனையோ பிள்ளைகள் முகம் நிரந்தரமாகக் கெட்டுவிட்டதென்று அழுகிறார்கள்.

6. மருந்தும் மருத்துவரும்

ஆறுதல் மட்டும் சொல்லி, சிகிச்சை தராமல் இருப்பது அரை உதவி. பருவுக்கு நல்ல மருந்துகள் இன்று உண்டு. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் முதலிய பூச்சு மருந்துகள் பெரும்பாலோருக்குப் பயன் தருகின்றன. முதல் சில வாரங்கள் தோல் சற்று வறண்டு எரியலாம். பலன் தெரியத் தொடங்க 6 முதல் 8 வாரங்களும், நன்றாகத் தெளிய 3 மாதமோ மேலோ ஆகும். பத்து நாள் பூசிவிட்டு, "காசுதான் போயிற்று" என்று மருந்தை எறிந்துவிடாதீர்கள். பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையையும் துண்டையும் வெளுக்கச் செய்யும். அதற்காகப் பிள்ளையைக் கோபிக்காமல் பழைய வெள்ளை உறை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

பெரிய கட்டிகளாக வருதல், தழும்பு விழுதல், பூச்சு மருந்தால் குறையாதிருத்தல், பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு ஒழுங்கின்றி முகத்தில் மயிரும் வளருதல், இவற்றுள் எது கண்டாலும் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. காலத்தில் சிகிச்சை செய்தால் தழும்பைத் தடுக்கலாம். விழுந்த தழும்பை நீக்குவதோ கடினம். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரை 1982 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டு, பின் பல நாடுகளிலும் வழங்கி வருகிறது. அது வலிமையான மருந்து. கருவிலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடு விளைவிக்குமாதலால் கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. மருத்துவரின் நேர்ப்பார்வையில் மட்டுமே உண்ண வேண்டும். உண்ணும் காலத்தில் பிள்ளையின் மனநிலையில் மாற்றம் கண்டால் மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மருந்துக் கடையிலோ, அழகு நிலையத்திலோ, தோழியிடமோ கேட்டு வாங்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசிய சில நாளில் முகம் வெளுத்துப் பளபளக்கும். பருவும் அடங்கினாற்போலத் தோன்றும். விட்டதும் முன்னிலும் கொடிதாகத் திரும்பும். தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவந்து தெரியும், வெயிலில் போனால் எரியும், மயிர் முளைக்கும். மனத்துயரத்தில் இருக்கும் பிள்ளைதான் இந்த வலையில் எளிதில் விழுகிறது. 2018-இல் இந்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று ஆணையிட்டது. ஆணை இருந்தாலும் வீட்டில் உள்ள குழாய்களை நீங்களே எடுத்துப் பார்க்க வேண்டும். நாட்கணக்கில் பூசி வந்ததைத் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

7. உற்றாரும் ஆசிரியரும் தோழரும்

விருந்துக்கு வரும் உறவினரிடம், பிள்ளை இல்லாத வேளையில், "முகத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள், வைத்தியம் நடக்கிறது" என்று முன்னதாகச் சொல்லி வைப்பது மரியாதைக் குறைவன்று. தவறிக் கேட்டுவிட்டால், பிள்ளை பதில் சொல்லத் தடுமாறுமுன் தாயோ தந்தையோ பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும். அந்தச் சிறு உதவியைப் பிள்ளை ஒருநாளும் மறவாது.

ஆசிரியர்களும் ஞானோபதேச வகுப்பு நடத்துவோரும் நாடகத்துக்கோ வாசகம் வாசிக்கவோ பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும்போது, முகப்பொலிவைப் பார்த்துத் தெரிந்தெடுப்பதைத் தவிர்க்க வேண்டும். பின் வரிசைக்குத் தானே ஒதுங்கும் பிள்ளையைக் கவனித்துப் பெயர் சொல்லி அழையுங்கள். வகுப்பில் பட்டப்பெயர் வழங்கினால், கேளாதவர்போல் இருந்துவிடாதீர்கள். பெரியவர் ஒருவர் கேட்டும் கண்டிக்காத கேலி, அனுமதி பெற்ற கேலியாகிவிடும்.

8. எப்போது விழித்துக்கொள்ள வேண்டும்?

பள்ளிக்கூடம் போக அடிக்கடி மறுத்தல். தோழரை விட்டு ஒதுங்குதல். தூக்கமும் உணவும் குறைதல். மணிக்கணக்காகக் கண்ணாடிமுன் நிற்றல், அல்லது வீட்டுக் கண்ணாடியைத் துணியால் மூடுதல். முன்பு விரும்பிய விளையாட்டையும் பாட்டையும் கைவிடுதல். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு. இவற்றைக் கண்டால் வயதுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். கோபியாமல், பயப்படாமல், "உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது நினைத்தாயா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாறாக, மறைத்து வைத்த பாரம் இறங்கும். ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல உதவிக்கென இந்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

9. பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் தம்பி, தங்கையே! உன் முகத்தில் உள்ளது உன் குற்றமன்று. உன் வகுப்பில் உனக்கு மட்டும் வந்ததுமன்று. நீ உன் பருவைப் பார்க்கும் அவ்வளவு கூர்மையாக உலகம் அதைப் பார்ப்பதில்லை. உன் தோழனும் அதே நேரத்தில் தன் முகத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறான். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் கண்ட களிம்பைப் பூசாதே. நம்பிக்கையுள்ள ஒரு பெரியவரிடம் சொல். முகம் தெளிந்த பிறகுதான் வாழ்வேன் என்று நாட்களை ஒத்திப் போடாதே. பாட வேண்டிய பாட்டை இப்போதே பாடு. ஆட வேண்டிய பந்தை இப்போதே ஆடு. எவரேனும் முகத்தைப் பற்றிக் கேட்டால், "சிகிச்சை செய்கிறேன்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடு. அதற்குமேல் விளக்கம் தர நீ கடன்பட்டவனல்ல.

10. குடும்பமாகக் கூடி ஆராய்வதற்கு

அ. சென்ற மாதத்தில் நம் வீட்டில் ஒருவருடைய முகம், நிறம், பருமன் இவற்றைப் பற்றி எத்தனை முறை பேசினோம்? பேசப்பட்டவர் அப்போது என்ன செய்தார்?

ஆ. நம் பிள்ளை எந்தெந்த இடங்களுக்கு வர மறுக்கிறது? அங்கே அதனிடம் யார் என்ன சொன்னார்கள்?

இ. நம் வீட்டு அலமாரியில் உள்ள முகக் களிம்புகள் யாவை? அவற்றை எழுதிக் கொடுத்தவர் யார்?

ஈ. பெற்றோராகிய நமக்கு இளமையில் உடலைப் பற்றி இருந்த வெட்கம் எது? அதை நாம் பிள்ளைகளுக்குச் சொன்னதுண்டா?

இவ்வாரத் தீர்மானம்: இந்த ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரையில், நம் வீட்டில் எவரும் எவருடைய முகத்தைப் பற்றியும் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேச வேண்டியதாயின் தனியாக, கேட்பவர் விரும்பினால் மட்டும் பேசுவோம். ஏழு நாளும் இதைக் காத்துப் பாருங்கள். எட்டாம் நாள் சாப்பிட உட்காரும்போது பிள்ளை தலை நிமிர்ந்து பேசுகிறதா என்று கவனியுங்கள்.